இட்லிக் கொப்பரைக்குள் ஒரு காசு

ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், உறையூர், பொன்மலை, திருவெறும்பூர் என்று நம் ஊர்ப் பக்கம் குடியிருக்கும் அத்தைமார், சித்திமார், பெரியம்மாமார், பாட்டிமார் எல்லோருக்கும்,

நானும் ஓர் அத்தைதான். ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதிப் பக்கம் இருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செய்த தப்பை உங்களிடம் சொல்லிவிட்டால் கொஞ்சம் மனசு ஆறும். அதற்காகத்தான் இந்த மடல்.

தம்பி மகன் லீவுக்கு வந்திருந்தான். ஒன்பது வயது. அடுப்பில் இட்லிக் கொப்பரை. சட்னிக்குத் தேங்காய் துருவிவிட்டுத் திரும்பினால், பயல் முக்காலி மேல் ஏறி நின்று, மூடியை ஒருக்களித்துத் திறந்து, எவர்சில்வர் தட்டு ஒன்றை ஆவிக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்கிறான். தட்டின் அடியில் தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்கிறது. அதைச் சாய்த்து ஒரு டம்ளரில் சொட்டவிட்டு எண்ணுகிறான். "முப்பத்தி நாலு, முப்பத்தஞ்சு..."

"டேய், ஆவி போச்சுன்னா இட்லி கல்லாயிடும்டா. வேலையத்த வேலை! போய் ஏதாவது புஸ்தகத்த எடுத்து வச்சுப் படி" என்று கத்தினேன். இறங்கிப் போய்விட்டான். டம்ளரில் இருந்ததைக் கழுநீர்ப் பானையில் கொட்டினேன். எத்தனை சொட்டு என்று அவன் அதற்கப்புறம் சொல்லவேயில்லை.

மத்தியானம் பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. இதே வசனத்தை ஸ்காட்லாந்தில் ஓர் அத்தையோ சித்தியோ பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பேசிவிட்டாள். அவள் திட்டிய பையன் பெயர் ஜேம்ஸ் வாட்.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் கேட்ட கதைதான். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது, ஆவி மூடியைத் தூக்குகிறது, சிறுவன் பார்க்கிறான், உடனே நீராவி எஞ்சின் பிறந்துவிடுகிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாட் பிறந்தது 1736 ஜனவரியில், கிரீனக் என்ற துறைமுக ஊரில். அதற்கு 24 ஆண்டு முன்பே, 1712இல், நியூகோமன் என்பவரின் நீராவி எஞ்சின் இங்கிலாந்தில் சுரங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. இருந்த எஞ்சினை வாட் திருத்தினார். அந்தத் திருத்தம் சின்னதில்லை, உலகத்தையே புரட்டியது. என்றாலும் திருத்தம்தான்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது? வாட்டின் ஒன்றுவிட்ட சகோதரி மேரியன் கேம்பெல் 1798இல் சொல்லி எழுதவைத்த ஒரு நினைவுக் குறிப்பு. அப்போது வாட்டுக்கு வயது 62. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நினைவு என்பதால் வரலாற்றாசிரியர்கள் இதை அப்படியே நம்புவதில்லை. நம் வீடுகளில் மட்டும் என்ன, பெயர் எடுத்த பிள்ளையைப் பற்றி "அவன் அப்பவே அப்படித்தான்" என்று சொல்லாத கிழவி உண்டா?

ஆனால் அந்தக் குறிப்பைக் கொஞ்சம் நின்று படித்தால் பாடப்புத்தகம் எதைத் தொலைத்தது என்று தெரிகிறது. பையன் மூடியைத் திறந்து திறந்து மூடினானாம். அதோடு நிற்கவில்லை. ஒரு கோப்பையையும் வெள்ளிக் கரண்டியையும் மாற்றி மாற்றி ஆவியில் காட்டி, அதில் படிந்த சொட்டுகளைப் பிடித்து எண்ணினானாம். ஒரு மணி நேரமாக வாயைத் திறக்காமல் இதையே செய்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்டாளாம் அந்த அத்தை. பாடப்புத்தகம் மூடியை வைத்துக்கொண்டு கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டது. எனக்கு அதுதான் ஆறவில்லை. ஏனென்றால் விஷயம் முழுக்கக் கரண்டியில்தான் இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். சூடாக இருக்கும் பாயசத்தைச் சம்புடத்தில் ஊற்றி உடனே இறுக்கி மூடிவைத்தால் என்ன ஆகும்? ஆறின பிறகு மூடி வராது. கத்தி முனையால் நெம்பினால் 'உஸ்' என்று ஒரு சத்தம், அப்புறம் திறக்கும். குக்கரும் அப்படியே. தானாக ஆறவிட்டால் சில நாள் மூடி பிடிவாதம் பிடிக்கும், வெயிட்டைத் தூக்கிக் காற்றை உள்ளே விட்ட பிறகுதான் கழலும். உள்ளே இருந்த ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிட்டது. ஆவியாக இருக்கும்போது தண்ணீர் தன் அளவைப்போல் 1,600 மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். அது திரும்பச் சொட்டாக ஒடுங்கினால் அத்தனை இடமும் காலி. வெளிக்காற்று மூடியை உள்ளே அழுத்துகிறது.

நியூகோமன் எஞ்சின் இந்தச் சம்புடம்தான். வீடு அளவுக்குப் பெரிய சம்புடம். உருளைக்குள் ஆவியை விடுவார்கள், பிறகு உள்ளே குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சுவார்கள், ஆவி ஒடுங்கும், வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே தள்ளும். வேலை செய்தது ஆவியின் தள்ளல் அல்ல, ஆவி மறைந்த வெற்றிடம். மூடியைத் தூக்கும் ஆவியை எத்தனை நாள் பார்த்திருந்தாலும் இது பிடிபட்டிருக்காது. கரண்டியில் சொட்டு விழுவதைப் பார்த்தவனுக்குத்தான் பிடிபடும்.

1763-64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு குட்டி நியூகோமன் எஞ்சின் மாதிரி ரிப்பேருக்காக வாட்டின் கைக்கு வந்தது. அங்கே அவர் கருவி செய்பவர், பேராசிரியர் அல்ல. சரிசெய்து ஓட்டினால், நாலைந்து தடவை அடித்துவிட்டு நின்றுபோகிறது. பாய்லர் கொடுக்கிற ஆவி எங்கே போகிறது? தேடினார். ஒவ்வொரு அடிக்கும் அதே உருளையைச் சுடவைக்கிறார்கள், அதே உருளையைக் குளிரவைக்கிறார்கள். ஒவ்வொரு தோசைக்கும் தோசைக்கல்லைக் குழாயடியில் கொண்டுபோய்க் கழுவி, மறுபடி அடுப்பில் ஏற்றிக் காயவைத்தால் எரிவாயு என்னத்துக்கு ஆகும்? அதேதான். உள்ளே போன ஆவியில் பெரும்பங்கு, குளிர்ந்துபோன உருளையைத் திரும்பச் சூடாக்குவதிலேயே செலவாகிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கெட்டில் நிஜமாகவே கதைக்குள் வருகிறது. கெட்டிலின் மூக்கில் ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீருக்குள் விட்டு அளந்து பார்த்தார். ஆவியாகப் போன தண்ணீர், தன் எடையைப்போல் ஆறு மடங்குக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறது! அவருக்கே திகைப்பு. அங்கிருந்த பேராசிரியர் ஜோசப் பிளாக்கிடம் போய்க் கேட்டார். அவர் ஏற்கெனவே அதைக் கண்டுபிடித்துப் பாடமாகவே நடத்திக்கொண்டிருந்தார். உள்ளுறை வெப்பம் என்று பத்தாம் வகுப்பில் படித்தோமே, அது. ஸ்காட்லாந்துக் கிணறு குளிர்ந்தது, அதனால் ஆறு மடங்கு. நம் ஊர்த் தண்ணீர் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டேன், கிட்டத்தட்ட ஏழரை வருகிறது. சனி பகவானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கொதிக்கிற தண்ணீர் பட்டதைவிட ஆவி அடித்தால் ஏன் அப்படித் தோல் வழண்டுபோகிறது என்று உங்கள் கைக்குத் தெரியும். காரணம் இதுதான். தோலில் பட்டுச் சொட்டாகும்போது அந்த மறைந்திருந்த சூடு முழுவதையும் ஆவி அங்கேயே இறக்கிவிடுகிறது. பத்தே நிமிஷத்தில் இட்லி வேகிறதே, அதற்கும் காரணம் அதுதான்.

1765 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோ புல்வெளியில் நடந்துகொண்டிருக்கும்போது வாட்டுக்கு விடை கிடைத்தது. உருளை எப்போதும் சூடாகவே இருக்கட்டும். ஆவியைப் பக்கத்தில் இன்னொரு பாத்திரத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் அங்கே குளிரவைத்தால் போதும். தோசைக்கல் அடுப்பிலேயே இருக்கிறது, கழுவுகிற வேலை வேறு இடத்தில். 1769இல் காப்புரிமை வாங்கினார். 1775இல் பௌல்ட்டன் என்ற தொழிலதிபரோடு கூட்டு. மீதி எல்லோருக்கும் தெரியும். மாதா மாதம் கரண்ட் பில்லில் நாம் கட்டுவது அவர் பெயரில்தான்: ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்.

அவருடைய பிள்ளைப் பருவத்தில் எனக்குப் பிடித்தது கெட்டில்கூட இல்லை. பையன் நோஞ்சான். ஓயாத தலைவலி. பள்ளிக்கு ஒழுங்காகப் போகவில்லை, போனாலும் மற்றப் பிள்ளைகள் சீண்டினார்கள். அம்மா வாசிக்கக் கற்றுக்கொடுத்தாள், அப்பா எழுத்தும் கணக்கும். அப்பாவுக்குக் கப்பல் சாமான் தொழில், பட்டறை இருந்தது. அங்கே மகனுக்கென்று தனியாக ஒரு மேசை, சின்னச் சின்ன ஆயுதங்கள், ஒரு குட்டி உலை. அதில் உட்கார்ந்து கப்பல் துறையில் பார்த்த பாரந்தூக்கியை எல்லாம் சிறிதாகச் செய்து பார்த்திருக்கிறான். (அந்த வீட்டுக் காசில் அமெரிக்கத் தோட்டங்களின், அடிமை வணிகத்தின் பங்கும் உண்டு என்று இப்போதைய ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது இதையும் மறைக்க வேண்டாம்.) எண்பது வயதைத் தாண்டியும் அவருடைய வீட்டு மச்சில் ஒரு பட்டறை இருந்தது. 1819இல் அவர் இறந்தபின் பூட்டிவைத்த அந்த அறையை 1924இல் அப்படியே பெயர்த்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பட்டறை என்றதும் எனக்கு என் அப்பா ஞாபகம். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் ஷாப்பில் ஃபிட்டர். தென்னிந்திய ரயில்வே தன் பெரிய பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து 1920களில் பொன்மலைக்குக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் நம் ஊரில் எத்தனை வீட்டுச் சோறு அந்தச் சங்குச் சத்தத்தில் வெந்தது என்று உங்களுக்கே தெரியும். குவார்ட்டர்ஸில் வளர்ந்தும் நான் ஷாப்புக்குள் போனதில்லை. பெண் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்பார்கள். அப்பா ஷாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

எங்கள் பாட்டி இட்லிக் கொப்பரையில் ஒரு காசு போடுவாள். உங்களில் பலருக்குத் தெரியும். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் காசு லடலடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது, ஓடு! டீக்கடை பாய்லருக்குள்ளும் இந்தக் காசு உண்டு. ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன், "எஞ்சின் பாய்லர்லயும் காசு போடுவீங்களாப்பா?" சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்துபோய் ரசம் வைக்கிற ஈயச் சொம்பை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"இத வெறுமனே அடுப்புல வச்சா?"

"உருகிடும். அம்மா கொன்னுடுவா."

"ரசம் ஊத்தி வச்சா?"

"ஒண்ணும் ஆகாது."

"அதேதாம்மா லெட் பிளக்கு."

கரி எஞ்சினில் நெருப்புப் பெட்டிக்கு மேற்கூரைபோல ஒரு தகடு, அதற்கு மேலே தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தகட்டில் காரீயம் அடைத்த ஒரு திருகு. மேலே தண்ணீர் இருக்கும்வரை சூடு ஏறாது, ஈயம் கெட்டியாக இருக்கும். தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி ஓடிவிடும், ஆவி சீறிக்கொண்டு நெருப்பின் மேல் பாயும். டிரைவருக்கு அதுதான் கடைசி எச்சரிக்கை. இல்லாவிட்டால் தகடு பழுத்து, பாய்லர் வெடித்துவிடும். குக்கரின் சேப்டி வால்வுக்குள்ளும் அந்த மாதிரி உருகும் உலோகம்தான் உட்கார்ந்திருக்கிறது. பாட்டியின் காசும், அம்மாவின் ஈயச் சொம்பும், பொன்மலையின் லெட் பிளக்கும் ஒரே கேள்விக்கு மூன்று பதில். இதை எனக்குச் சொல்ல அப்பாவுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அன்றைக்குப் பிடித்ததுதான், இயற்பியல் படித்து முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்படிப்பட்ட நானே அன்றைக்குத் தம்பி மகனை விரட்டினேன் பாருங்கள்.

கரி எஞ்சின் போய்விட்டதே, இனி யாருக்கு இந்தக் கதை என்று கேட்காதீர்கள். பொன்மலையில் 2011 முதல் நீலகிரி மலை ரயிலுக்கு எண்ணெயில் ஓடும் நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே கட்டினார்கள். 2021இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் கட்டி முடித்தார்கள். முதலில் இந்த வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் இருந்து வந்தவை. கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதையில் ஏறும்போது அவை ஒரே ஆவியை இரண்டு தடவை வேலை வாங்கும். தண்டவாளச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியே வரும் ஆவி, இன்னும் தெம்பு மிச்சமிருப்பதால், பல்சக்கரத்தைச் சுழற்றும் உருளைக்குள் போகும். சாதம் வடித்த கஞ்சியைக் கொட்டாமல் வைத்துக்கொள்கிற கைக்கு இது புரியும்.

திருவெறும்பூரில் 1960களில் செக்கோஸ்லோவாகியா உதவியோடு எழுந்த பெல் ஆலையை நம் பெரியவர்கள் இன்னும் பாய்லர் பிளான்ட் என்றுதான் சொல்வார்கள். வாட் கடைசிவரை பயந்து ஒதுக்கிய உயர் அழுத்த ஆவிதான் அந்த ஊருக்குப் பிழைப்பு. வாட்டின் பாய்லரில் இருந்த அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். நம் வீட்டு குக்கர் அதைத் தாண்டிவிடும். இப்போதைய பெரிய மின்நிலையப் பாய்லரில் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 250 மடங்கு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பதே இல்லை! குமிழி கிடையாது, காசு போட்டாலும் ஆடாது. தண்ணீர் எது, ஆவி எது என்ற கோடே அழிந்துபோய் ஒன்று மற்றொன்றாகிவிடும். அந்தப் பாய்லர்கள் நம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின் 236 அடியைவிட உயரம். தரையில் ஊன்றி நிற்பதில்லை, மேலே உத்தரத்தில் தொங்குகின்றன. சூடேறினால் நீளுமே, கீழ்ப்பக்கமாக நீளட்டும் என்று. உங்கள் வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அண்ணனோ மாமாவோ இதில் ஒரு குழாயைப் பற்றவைத்த கையாக இருக்கலாம். பேரப்பிள்ளை அவரிடம் என்றைக்காவது இதைக் கேட்டிருக்கிறதா?

திருவானைக்காவலில் 1888இல் பிறந்த விஞ்ஞானி சி. வி. ராமனையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்த ஊர் அத்தைமார் கோபித்துக்கொள்வார்கள். 1921இல் கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலம் என்று அவர் கேட்டதை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். கையில் ஒரு சின்னப் பட்டகம் வைத்திருந்தார், தண்ணீரில் பிரதிபலிக்கும் வானத்தின் ஒளியை அதால் வடிகட்டிவிட்டுப் பார்த்தார், அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது என்பதைச் சொல்வதில்லை. இங்கேயும் கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். பிள்ளை அடுப்படியில் வந்து நின்றால் ஒரு நீளக் காம்புக் கரண்டியைக் கையில் கொடுங்கள். ஆவி அடிக்காத பக்கமாக நிறுத்திவைத்து, கூடவே நில்லுங்கள், ஒருபோதும் தனியாக விடாதீர்கள். குக்கர் கிட்டே விடவே வேண்டாம், அது விளையாட்டில்லை. இட்லி இரண்டு கல்லாகப் போனால் போகட்டும், மத்தியானம் உப்புமாவாக உதிர்த்துவிடலாம். சமையலறை பெண்களின் இடம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேலை நம் தலையில் விழுந்தது, அதில் நாம் கற்றுக்கொண்டதும் இருக்கிறது, அதைக் கேட்கத்தான் அந்தப் பிள்ளை வந்து நிற்கிறது.

தம்பி மகனை அடுத்த சனிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். போனில் பேசியபோது, பாட்டியின் காசுக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டான்: "அத்தை, காசுக்கு நடுவுல ஓட்டை இருந்தா ஆவி அது வழியா போயிடுமே, அப்பவும் ஆடுமா?"

எனக்குத் தெரியவில்லை. பழைய இருபத்தைந்து பைசா இருக்கிறது, நெளிநெளி விளிம்பு பத்து பைசாவும் இருக்கிறது. ஓட்டைக் காலணா இல்லை. உங்களில் யாராவது டிரங்குப் பெட்டியில், மஞ்சள் துணி முடிச்சில் வைத்திருந்தால் இரண்டு நாளைக்குக் கடன் கொடுங்கள். புளி போட்டு விளக்கித் திருப்பித் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஓர் அத்தை